கயிறு சாத்திய எண்

ஆவணி 2, திங்கள்

திசுச் சோதனையின் முடிவு வந்துவிட்டது. என் மகள் வடிவாம்பாளுக்கு மூக்கின் பின்புறம், தொண்டை தொடங்கும் இடத்தில் புற்று. ஒரு மாதமாகச் சளியோடு வந்த குருதியைச் சூட்டினால் வருவதென்று எண்ணி, வெந்தயம் ஊறிய நீரைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு வயது முப்பத்தெட்டு. மணமாகிப் பதினோராம் ஆண்டில் கருவுற்றிருக்கிறாள். இன்றோடு பத்தொன்பது வாரம் நிறைகிறது.

மருத்துவர் சுருங்கப் பேசினார். அவ்விடத்தில் கத்தி வைக்க இயலாது. கதிர்ச் சிகிச்சையே வழி. முப்பத்துமூன்று அமர்வுகள். மூன்று வாரத்துக்குள், அதாவது வரும் இருபத்துமூன்றாம் நாளுக்குள் தொடங்கியாக வேண்டும். பேறுகாலம் வரை காத்திருந்தால் நோய் மண்டையின் அடியெலும்புக்குள் இறங்கிவிடும்; பின்பு செய்வதற்கு ஒன்றும் இராது என்றார்.

தலைக்குப் பாய்ச்சும் கதிரில் ஒரு சிறு கூறு சிதறி வயிற்றையும் எட்டும். அந்த அளவைச் சென்டிகிரே என்னும் அலகில் கூறுவர். கருவிலுள்ள பிள்ளைக்கு மொத்தத்தில் பத்து அலகுக்குள் நின்றால் அஞ்ச வேண்டியதில்லை என்பது மருத்துவ வழக்கு. தடுப்பு ஏதுமின்றிச் செய்தால் வடிவின் பிள்ளைக்குப் பதினாறு வரும்.

வடிவு கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தன் நிபந்தனையைக் கூறினாள். “பத்துக்குள்ளன்னா நாளைக்கே வந்து படுக்கேன். பத்தத் தாண்டுச்சுன்னா, பிள்ள பொறந்த பெறவு என்னயப் பாத்துக்கிடுவோம்.”

மாப்பிள்ளை நெல்லைநாயகம் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர், எளிதில் கலங்காதவர். நாற்காலியின் கைப்பிடியைப் பற்றியவர் வீடு திரும்பும் நேரம் வரும்வரை அதை விடவில்லை.

ஆவணி 3, செவ்வாய்

மருத்துவமனையின் கதிரியல் இயற்பியலாளர் எஸ்தர் ஜெபராணியைக் கண்டேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். நாளொன்றுக்கு அறுபது நோயாளர், இயந்திரம் ஒன்று, இவரும் ஒருவர். வயிற்றின்மேல் ஓர் ஈயக் கூட்டைக் கவிழ்த்தால் அளவு குறையும் என்றும், கூட்டின் உருவையும் கனத்தையும் கணக்கிட்டு வரைந்து கொடுத்தால் பட்டறையில் வார்த்துத் தர இரண்டு வாரம் ஆகும் என்றும் கூறினார். கூடு வந்தபின்தான் அளந்து பார்க்க இயலும். அளந்தபின் போதாதென்று தெரிந்தால் இன்னொன்று வார்க்கக் காலம் இல்லை. ஆகவே முதலில் கணக்கு வேண்டும். அதற்கோ அவருக்கு நேரம் இல்லை.

நான் செய்கிறேன் என்றேன். கடற்கரையிலுள்ள ஓர் அணுமின் நிலையத்தில் நாற்பது ஆண்டு கதிர்த் தடுப்புச் சுவர்களுக்குக் கனம் கணக்கிட்டவன் நான். ஓய்வு பெற்றுப் பதினாறு ஆண்டுகள் ஆனாலும் நான் எழுதிய கணினி நிரல் இன்னும் என்னிடம் இருக்கிறது. எஸ்தர் என் பெயரைக் கேட்டார். ஆவுடையப்பன் என்றதும் எழுந்து நின்றார். என் பழைய குறிப்பொன்றைப் படித்துத்தான் இந்தத் துறைக்கு வந்தாராம்.

பக்கத்துத் தெருவில் மூடிக்கிடக்கும் கணினிப் பயிற்சி நிலையத்தின் சாவி கிடைத்தது. ஐந்து கணினிகள் இயங்குகின்றன. ஆறாவதன் உள்ளே எலி குடும்பம் நடத்துகிறது.

ஆவணி 4, புதன்

கணக்கு இவ்வகையது. இயந்திரத்தின் தலையிலிருந்து கதிர்த்துகள் ஒன்று புறப்படுகிறது. அது எத்தனை தூரம் செல்லும், எதில் மோதும், மோதி எத்திசை திரும்பும் என்பதை ஒவ்வோர் அடியிலும் ஒரு தற்செயல் எண் தீர்மானிக்கும். கணினி அவ்வெண்களை உண்டாக்கித் துகளின் வாழ்வை நடத்திக் காட்டும். ஒரு கோடித் துகள்களை அனுப்பினால் வயிற்றை எட்டுபவை மூன்றோ நான்கோ. நம்பத்தக்க விடை கிடைக்க, ஐந்து கணினிகளும் நான்கு மாதம் ஓட வேண்டும்.

நமக்கு இருப்பது நான்கு நாள். எனவே கணக்கை விரைவுபடுத்த வேண்டும். வயிற்றை நோக்கி வரும் துகளை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொன்றுக்கும் பாதி எடை தர வேண்டும். பயனற்ற இடத்தில் அலையும் துகள்களுக்குச் சீட்டுப் போட வேண்டும்: நூற்றில் தொண்ணூற்றொன்பது மடியும், எஞ்சும் ஒன்று நூற்றின் எடையையும் சுமக்கும். நேர்மையாகச் செய்தால் மொத்த எடை மாறாது. எந்த இடம் பயனுள்ளது, எது பயனற்றது என்று வரைந்து காட்டுவது கணக்கிடுபவனின் பொறுப்பு. கூட்டுக்குள் இருக்கும் இடத்துக்கு உயர்ந்த மதிப்பும், கட்டிலின் பக்கவாட்டுக்கும் தரைக்கும் மிகத் தாழ்ந்த மதிப்பும் கொடுத்தேன்.

இனித் தொடக்க எண். கணினியின் தற்செயல் எண்கள் உண்மையில் தற்செயலானவை அல்ல. நாம் ஓர் எண்ணைக் கொடுத்தால் அதிலிருந்து ஒரு வரிசை பிறக்கும். அதே எண்ணைக் கொடுத்தால் அதே வரிசை.

காலையில் நீராடி, திருநீறணிந்து, பதிகப் புத்தகத்தைப் பூசைப் பலகையில் வைத்துக் கயிறு சாத்தினேன். கண்ணை மூடி, ஏடுகளுக்கிடையே கயிற்றை நுழைத்து, விழுந்த இடத்தைத் திருவாக்காகக் கொள்வது எங்கள் குடியின் வழக்கம். ஒரு காரியத்துக்கு ஒரு முறைதான் சாத்தலாம். மறுமுறை சாத்துவது கிடைத்த வாக்கை ஐயுறுவதாகும். விழுந்த பாடல் அடியார்க்கு இனி இடரில்லை என்று உறுதி கூறும் பாடல். அதன் எண் 4173.

கண் கசிந்தது. அந்த எண்ணையே தொடக்க எண்ணாகக் கொடுத்தேன். ஐந்து கணினிகளுக்கும்.

ஆவணி 5, வியாழன்

கணினிகள் ஓடுகின்றன. அறை சூடேறியதால் இரண்டு மின்விசிறிகளை வீட்டிலிருந்து கொண்டுசென்றேன். வடிவுக்கு மிளகு ரசம் மட்டும் இறங்குகிறது.

ஆவணி 6, வெள்ளி

ஐந்தும் முடிந்தன. விடை 6.8.

ஐந்து பொறிகளும் ஒரே குரலில் உரைத்தன. நான்காம் தசம இடம் வரை வேற்றுமையில்லை. நாற்பது ஆண்டுப் பணியில் இத்தகைய ஒற்றுமையை நான் கண்டதில்லை. இறைவன் கருணை என்பதன்றி வேறென்ன கூறுவது? இதைப்பற்றி மேலும் எழுதத் தேவையில்லை.

எஸ்தரிடம் விடையையும் கூட்டின் வரைபடத்தையும் கொடுத்தேன். ஐந்து ஓட்டங்களின் சராசரி என்று எழுதினேன். அவர் கணக்கின் தாள்களைப் பிறகு அனுப்புமாறு கூறி, வரைபடத்தை உடனே பட்டறைக்கு அனுப்பினார்.

ஆவணி 7, சனி

வடிவு சம்மதத் தாளில் கையெழுத்திட்டாள். மாப்பிள்ளை மருத்துவமனை வாயிலிலேயே என் காலைத் தொட்டார். நான் அவரைத் தடுத்திருக்க வேண்டும்.

வீட்டில் நெடுநாளுக்குப்பின் சிரிப்பொலி கேட்டது. “பேரப்பிள்ளைக்குத் தொட்டிலு செய்வாகன்னு பாத்தா, எங்கப்பா ஈயத்துல கூடாரம்லா அடிக்காக” என்று வடிவு தன் கணவரிடம் கூறிக்கொண்டிருந்தாள்.

ஆவணி 9, திங்கள்

கிணற்று மோட்டார் பழுது. ஆள் வந்து பார்த்துவிட்டு, சுருள் கருகிவிட்டதென்று கழற்றிக்கொண்டு போனான். மாப்பிள்ளை அலுவலகம் போகுமுன் கையால் நீரிறைத்துத் தொட்டியை நிரப்பினார். இன்று வடிவுக்கு இருமுறை மூக்கில் குருதி.

ஆவணி 11, புதன்

எஸ்தர் பேசினார். கோப்பில் வைக்க, ஐந்து ஓட்டங்களின் தாள்களும் தனித்தனியே வேண்டுமாம். நாளை தருகிறேன் என்றேன். கணினி நிலையம் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது.

ஆவணி 12, வியாழன்

கோயிலுக்குச் சென்றிருந்தேன். பின் மோட்டாரின் நிலை அறியப் பட்டறைக்குச் சென்றேன். தாள்களை அனுப்ப நேரம் வாய்க்கவில்லை. மாலையில் எஸ்தர் மறுபடியும் கேட்டதால் அனுப்பிவைத்தேன்.

ஆவணி 13, வெள்ளி

எஸ்தர் காலையிலேயே பேசினார். நலம் விசாரிக்கவில்லை.

“ஐயா, அஞ்சு மெஷின்லயும் நாலாவது டெசிமல் வரைக்கும் ஒண்ணாட்டு இருக்கு.”

ஆமாம் என்றேன்.

“தொடக்க எண் என்ன குடுத்திய?”

ஐந்துக்கும் ஒரே எண் என்றேன்.

“உங்க குறிப்பப் படிச்சுத்தான் ஐயா நான் இந்த வேலைக்கு வந்தேன். இத நானா உங்களுக்குச் சொல்லணும்?”

அவர் கூறத் தேவையில்லை. ஐந்து சாட்சிகள் என்று நான் காட்டியது, ஒரே சாட்சி ஐந்து முறை வாய் திறந்தது. ஐந்து கணினிகளிலும் ஒரே துகள்கள் ஒரே வழியில் சென்று ஒரே இடத்தில் மடிந்தன. விடை சரியாக இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். சரியென்று எண்ண எனக்கிருந்த ஒரே காரணம் இப்போது இல்லை.

எழுபத்தாறு வயதில், பயிற்சிக்கு வந்த ஒருவன் இப்பிழையைச் செய்திருந்தால் அன்றே அவனை வீட்டுக்கு அனுப்பியிருக்கும் நான், என் மகளின் உயிர்மேல் இதைச் செய்தேன்.

வேறு தொடக்க எண்களோடு திரும்ப ஓட்டுமாறு எஸ்தர் கூறினார். அதுவரை மருத்துவரிடம் கூற மாட்டார். புதன்வரை பொறுப்பாராம்.

ஆவணி 14, சனி

முதல் கணினியில் 4173 கிடந்தது. அதை அழித்தேன். ஐந்து வெவ்வேறு எண்களைத் தட்டினேன். அவற்றில் திருவாக்கு எதுவும் இல்லை. பேருந்தின் எண், வீட்டின் எண், வாயில் வந்தது.

ஆவணி 15, ஞாயிறு

6.9. 6.7. 12.9. 6.8. 13.4.

மூன்று ஓட்டங்கள் முதல் விடையையே கூறுகின்றன. இரண்டு அதனை இருமடங்காக்குகின்றன. சராசரி 9.3. பத்துக்குள்.

இந்தச் சராசரியைத் தாளில் எழுதிக்கொண்டு ஒரு நாழிகை அமர்ந்திருந்தேன். பொய்யில்லை, கூட்டி வகுத்தால் அதுதான் வரும். அன்றி, அந்த இரண்டையும் தற்செயல் மிகை என்று தள்ளிவிட்டு 6.8 என்றே கூறலாம். ஐந்தில் மூன்று பெரும்பான்மையல்லவா? ஆனால் இத்துறையில் வாக்கெடுப்பு கிடையாது. ஒருவன் மட்டும் கண்ட வழி மற்ற நால்வர் காணாததனாலேயே இல்லாத வழியாகிவிடாது. இதை நானே எத்தனை கூட்டங்களில் மேசையைத் தட்டிக் கூறியிருக்கிறேன்.

மாப்பிள்ளை தேநீருடன் வந்தார். திரையிலுள்ள எண்களைக் கண்டார். பொறியாளர், விளக்க வேண்டியிருக்கவில்லை. தேநீரை மேசைமேல் வைத்தார்.

“மாமா, ஒம்பதுன்னு சொல்லிருங்க.”

அது உறுதியில்லை, உண்மையில் பதினொன்றாகவும் இருக்கலாம் என்றேன்.

“இருக்கட்டும். அவ படுக்கணும். பதினொண்ணுன்னு காதுல விழுந்துச்சுன்னா அவ படுக்க மாட்டா, உங்க மவ பிடிவாதம் உங்களுக்குத் தெரியும். எனக்குப் பிள்ள வேணும் மாமா. ஆனா வடிவு இல்லாம அந்தப் பிள்ளைய நான் எந்த மூஞ்சியோட பாப்பேன்?”

தேநீர் ஆடை கட்டிக்கிடந்தது. அவர் கூறியதில் ஒரு சொல்கூடத் தவறில்லை என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஆவணி 16, திங்கள்

காலையில் பூசையில் மனம் நிற்கவில்லை. திருவாக்கு என்னை ஏமாற்றியதா என்று ஒரு கணம் எண்ணினேன், எண்ணியதற்காக நாணினேன். பாடல் இடரில்லை என்றது. எண்ணை எடுத்துக் கணினியில் தட்டச் சொல்லவில்லை. அருளைக் கேட்கப் போன இடத்தில் விடைத்தாளைத் திருடிவந்தவன் நான்.

பாலைத்திணைப் பாடல்கள் ஓயாமல் நினைவுக்கு வருகின்றன. மகள் சென்ற சுரத்தை எண்ணி, அங்கே நிழல் உண்டோ, நீர் உண்டோ என்று தாயர் புலம்புவர். தந்தை புலம்பும் பாடலைத் தேடிப் பார்க்கிறேன். எனக்கு ஒன்றும் நினைவில் இல்லை. அவர்கள் வாயடைத்து நின்றனர் போலும்.

சனிக்கிழமை ஓட்டங்களில் மிகை காட்டிய இரண்டையும் தள்ளுவதில்லை என்று முடிவு செய்தேன். மிகைக்குக் காரணமான துகள் எவ்வழி வந்தது என்று அதன் வாழ்வை அடியடியாக அச்சிடச் செய்கிறேன்.

ஆவணி 17, செவ்வாய்

கண்டேன்.

இயந்திரத்தின் தலை கட்டிலுக்குக் கீழே சுழன்று வரும் ஒரு கோணம். அங்கே புறப்பட்ட துகள், கட்டிலின் பக்கவாட்டில் ஏறி, ஈயக் கூட்டின் கீழ்விளிம்புக்கும் கட்டிலின் ஓரத்துக்கும் நடுவிலுள்ள சந்தில் நுழைந்து நேரே வயிற்றை அடைந்திருக்கிறது. கட்டில் தடையின்றி நகர வேண்டுமென்று அந்த இரண்டு விரற்கடைச் சந்தை விட்டவன் நான். அவ்விடத்தைப் பயனற்றது என்று குறித்து, அங்கு வரும் துகள்களுக்கு நூற்றுக்கு ஒன்று என்று சீட்டுப் போட்டவனும் நான். அதனால்தான் பெரும்பாலான ஓட்டங்களில் அவ்வழியே ஒன்றும் பிழைத்து வரவில்லை. தப்பிப் பிழைத்த ஒன்று மடிந்த தொண்ணூற்றொன்பதின் எடையையும் சுமந்து வந்து கணக்கைக் குலைத்தது.

சுவரின் கனத்தைப் பார்ப்பவன் முதலில் அதன் சந்தைப் பார்க்க வேண்டும். எங்கள் தொழிலின் முதற்பாடம் அது.

மதிப்பு வரைபடத்தைத் திருப்பி எழுதினேன். சந்தை நோக்கி வரும் துகளுக்குச் சீட்டு இல்லை, பிளவு. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பாதிப் பாதி எடையுடன் அந்த வழி முழுவதையும் துழாவும். பகல் பதினொரு மணிக்குத் தொடங்கினேன். நான்கு மாதம் கேட்ட கணக்கு, பிற்பகல் ஐந்துக்கு முடிந்தது.

11.3. 11.1. 11.6. 11.2. 11.4.

ஐந்தும் வெவ்வேறு வழி சென்று ஒரே ஊரை அடைந்தன. இத்தகைய ஒற்றுமையைத்தான் நம்ப வேண்டும். விடை பதினொன்றரைக்குச் சற்றுக் குறைவு. வடிவு கையெழுத்திட்டது இதற்கு.

ஆவணி 18, புதன்

விடியுமுன் இன்னொரு ஓட்டம். கட்டிலின் ஓரத்தில் ஈயத்தகடு ஒன்றைத் தொங்கவிட்டு, கூட்டின் விளிம்பு அதன்மேல் நான்கு விரல் படியுமாறு வரைந்தேன். சந்து இருக்கும், கட்டில் நகரும், ஆனால் நேர்வழி இராது. விடை 7.9. ஐந்து ஓட்டங்களும் அதை ஒட்டியே நிற்கின்றன.

எஸ்தரிடம் எடுத்துச்சென்றேன். தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தொடக்க எண்களின்மேல் பேனாவை வைத்து ஒவ்வொன்றாகச் சரி போட்டார். எனக்கு அது வேண்டியதுதான். கூடு வார்த்தாகிவிட்டது. தகட்டைத் தனியே வார்க்கச் சனிக்கிழமை ஆகும். அன்றே வடிவுக்குப் பதிலாக ஒரு மெழுகு மனித உருவத்தைக் கிடத்தி அளந்தால் ஞாயிறன்று முடிவு தெரியும். திங்கள் கெடுவுக்குள் அடங்கும்.

பிழையைப்பற்றி வடிவிடம் யார் கூறுவது என்று எஸ்தர் கேட்டார். நான்தான் என்றேன்.

வழியில் மாப்பிள்ளையிடம் அனைத்தையும் கூறினேன். முதலில் அவர் முகம் தெளிந்தது. பின், வடிவிடம் கூறப்போகிறேன் என்றதும் வண்டியைத் தெருவோரம் நிறுத்திவிட்டார். புதுக் கணக்கும் பத்துக்குள்தானே, பழையதை எதற்குக் கிளற வேண்டும் என்று கேட்டார். அவள் கையெழுத்திட்டது பொய்க் கணக்குக்கு என்றேன்.

“உங்க உண்மைக்கு என் பெஞ்சாதிதானா கெடச்சா?” என்றார்.

ஆவணி 19, வியாழன்

கூறிவிட்டேன்.

அடுக்களையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே அமர்ந்தேன். கயிறு சாத்தியதிலிருந்து தகடு வரை ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் காம்புகளை உருவிக்கொண்டே கேட்டாள். கீரை தீர்ந்த பிறகும் வெறுங்காம்புகளைத் தட்டிலிருந்து எடுத்து உருவிக்கொண்டிருந்தாள்.

“அப்பம் நான் கையெழுத்துப் போட்டது பதினொண்ணுக்கா?”

“ஆமாம்மா.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

எஸ்தர் கேட்ட வெள்ளிக்கிழமை என்று கூற வாய் திறந்தேன். இந்த நாட்குறிப்பிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

“அஞ்சும் ஒண்ணாட்டு வந்த அன்னைக்கே தெரியும்” என்றேன். “தெரிஞ்சும், தெரியாத மாதிரி இருந்துகிட்டேன்.”

அவள் தலை நிமிர்ந்து பார்த்தாள். குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் இப்படிப் பார்ப்பாள். என்னை அறிவாளோ அறியாளோ என்று அஞ்சவைக்கும் பார்வை.

“இப்பம் சொல்லுத எட்டும் நீங்க போட்ட கணக்குதானப்பா” என்றாள்.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஒரு கை இடுப்பில் இருந்தது. கொல்லைக் கதவை மூடிக்கொண்டாள். சம்மதத் தாளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளப் போவதாக மாலையில் மாப்பிள்ளையிடம் கூறியிருக்கிறாள். அவர் அதை என்னிடம் கூறவந்தார். கூறிவிட்டு என் அறை வாயிலிலேயே உட்கார்ந்து அழுதார். அவருக்கு ஆறுதல் கூறும் தகுதி எனக்கில்லை. ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

ஆவணி 20, வெள்ளி

என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு வைத்தாள், அவ்வளவே. இன்றும் குருதி. கைக்குட்டையை எனக்குத் தெரியாமல் அலச முயன்றாள்.

இறைவா, அவள் என்னை மன்னிக்க வேண்டாம். கட்டிலில் படுத்தால் போதும்.

ஆவணி 21, சனி

எஸ்தரே வீட்டுக்கு வந்துவிட்டார். வடிவும் அவரும் உள்ளறையில் நெடுநேரம் பேசினர். நான் கூடத்தில் இருந்தேன். என் கையிலிருந்த செய்தித்தாள் தலைகீழாக இருந்ததை மாப்பிள்ளை கண்டு, ஒன்றும் கூறாமல் திருப்பி வைத்தார்.

பிறகு எஸ்தர் கூறியது இது. வடிவுக்கு என் கணக்கு வேண்டாம். எஸ்தரின் கணக்கும் வேண்டாம். அளந்த எண் மட்டும் வேண்டும். அளப்பதை அவளே நேரில் நின்று பார்ப்பாள். அந்த எண்ணை அவளிடம் மட்டுமே கூற வேண்டும். அவளுடைய அப்பாவிடம் கூறக் கூடாது.

பிற்பகல் தகடு வந்தது. மெழுகாலும் நீர்ப்பைகளாலும் ஆன மனித உருவத்தைக் கட்டிலில் கிடத்தி, வயிற்றுக்குள் கதிரின் அளவைப் பதிந்துவைக்கும் கோதுமை மணியளவான சில்லுகளைப் புதைத்து, கூட்டைக் கவிழ்த்து, தகட்டைத் தொங்கவிட்டனர். வடிவு கட்டுப்பாட்டு அறையில் எஸ்தருக்குப் பக்கத்தில் நாற்காலியில் அமர்ந்திருந்ததாக மாப்பிள்ளை கூறினார். நான் மருத்துவமனை வளாகத்து வேப்பமரத்தடியில் இருந்தேன். சில்லுகளைச் சூடேற்றிப் படித்து அறிய ஒரு நாள் ஆகும்.

ஆவணி 22, ஞாயிறு

எஸ்தர் வழிபாடு முடிந்து மருத்துவமனைக்குப் போய்ச் சில்லுகளைப் படித்துவிட்டு, பதினொரு மணிக்கு வந்தார். தாளை மடித்து வடிவிடம் கொடுத்தார். வடிவு கதவுப் பக்கம் திரும்பி நின்று படித்தாள். மறுபடி மடித்தாள். இரண்டாம் முறை இன்னும் சிறிதாக மடித்தாள்.

“நாளைக்கு எத்தன மணிக்கு வரணும், அக்கா?” என்றாள்.

ஒன்பதரைக்கு என்றார் எஸ்தர். மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டார்.

எஸ்தரை வாயில்வரை வழியனுப்பச் சென்றேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

“பத்துக்குள்ளதான், ஐயா. அதுக்கு மேல கேக்காதிய” என்றார். “நான் வாக்குக் குடுத்திருக்கேன்.”

நான்கு தசம இடம் இல்லாமல் ஒரு விடையை ஏற்காதவன் நான். தலையசைத்தேன்.

ஆவணி 23, திங்கள்

முதல் அமர்வு.

தலை அசையாதிருக்க, துளைகள் நிறைந்த வலைமுகம் ஒன்றை வெந்நீரில் இளக்கி அவள் முகத்துக்கேற்ப முன்பே செய்திருக்கிறார்கள். உள்ளே அழைத்துச்செல்லும்போது ஊழியர் அவள் பெயரையும் வயதையும் கேட்டார். கூறினாள். எத்தனை மாதம் என்று அவர் கேட்கவில்லை, அவளாகவே கூறினாள். கதவு மூடியது. அரையடிக் கனம் இருக்கும் அந்தக் கதவின் கனத்தை எவனோ கணக்கிட்டிருக்கிறான். சரியாகக் கணக்கிட்டிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. மாப்பிள்ளையும் நானும் ஒரே விசுப்பலகையில் அமர்ந்திருந்தோம். நடுவில் இருவர் அமரும் இடம் இருந்தது. விளக்கு அணைந்து எரிந்து, அணைந்து எரிந்து, பதினேழு நிமிடம். எனக்குத் தெரிந்த பதிகம் ஒன்றைத் தொடங்கினேன். இரண்டாம் அடிக்குப்பின் சொல் வரவில்லை. திரும்பத் தொடங்கினேன். வரவில்லை.

வடிவு வெளியே வந்தாள். கன்னத்திலும் நெற்றியிலும் வலையின் தடம் சிவந்திருந்தது. மாப்பிள்ளையின் கையைப் பற்றி அமர்ந்தாள். தண்ணீர் குடித்தாள். விழுங்கும்போது கண்ணைச் சுருக்கினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான்கு நாளாக என் பக்கம் திரும்பாத குரல்.

“உள்ள இருக்கையில பிள்ள உதைச்சுது” என்றாள். “மொத தடவ.”

யாரிடம் கூறினாள் என்று எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளைக்கும் தெரியவில்லை, என்னைப் பார்த்தார்.

நாளை ஒன்பதரைக்கு வர வேண்டும். இன்னும் முப்பத்திரண்டு.